நாற்பது நாள் தங்கியவர் பார்க்காத மும்பை

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அந்தப் பதிவை எனக்கு ஒன்பது பேர் அனுப்பிவிட்டார்கள். போரிவலியில் மகன் வீட்டில் நாற்பது நாள் தங்கிவிட்டு ஊர் திரும்பிய பெரியவர் எழுதியது. மும்பையைப் பார்க்க இரண்டு நாள் போதும், மிச்சம் முப்பத்தெட்டு நாளும் வீட்டுச் சிறை என்ற அந்த வரிக்கு இதயம் போட்டவர்களில் பாதிப்பேர் இந்த ஊரில் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் என்பதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது நாளும் பார்க்க இந்த ஊரில் இருக்கிறது என்று மறுத்து இரண்டு வரி எழுதினேன். அதற்கு நான் பிறந்த இடத்தைச் சொல்லிக் கேலியாகப் பதில் வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அங்கே சொல்லவிடாததை இங்கே சொல்கிறேன்.

ஓர் ஊருக்கு வருவது வேறு, ஓர் ஊரில் இருப்பது வேறு. இரண்டு நாளுக்கு வருகிறவருக்கு இடங்களின் பட்டியல் போதும்: கேட்வே, மரைன் டிரைவ், சித்திவிநாயகர், ஜுஹு, முடிந்தது. ஒரு மாதத்துக்கு மேல் தங்குகிறவர் அதே பட்டியலை வைத்துக்கொண்டு மூன்றாம் நாளே ஊர் தீர்ந்துவிட்டது என்று சொன்னால், தீர்ந்தது அவர் கையிலிருந்த பட்டியல்தான். நீண்ட நாள் தங்குகிறவருக்கு வேண்டியது தினசரி வழக்கம். கையில் ஒரு ரயில் பாஸ், போய் உட்கார ஒரு டீக்கடை, காய் வாங்க ஒரு சந்தை, வாரத்தில் ஒரு நாள் தூரமாக ஒரு பயணம். இவை இருந்தால் நாற்பது நாள் போதாது.

2013 ஜனவரியில் என் மாமா, அம்மாவின் அண்ணன், திருநெல்வேலியிலிருந்து வந்தார். ரயில்வேயில் தண்டவாளங்களை மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை காலமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை, தனியாக விட வேண்டாம் என்று அம்மாதான் ஐந்து வாரத்துக்கு அழைத்தார். மூன்று நாளில் எல்லோரும் காட்டும் இடங்களைக் காட்டினோம். நான்காம் நாள் காலை, செம்பூர் வீட்டு பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "இனிமே என்னடே இருக்கு பாக்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு ஊரைப் பற்றியதாகத் தோன்றவில்லை.

அன்று மாலையே செம்பூர் முதல், இப்போது சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் (சிஎஸ்எம்டி) எனப்படும் கடைசி நிலையம் வரை ஒரு மாத பாஸ் எடுத்துக் கொடுத்தேன். பாஸ் கையில் இருந்தால் ஒவ்வொரு முறையும் வரிசையில் நிற்க வேண்டாம். நடுவில் எந்த நிலையத்திலும் இறங்கலாம், மனம் மாறினால் அடுத்த வண்டியில் ஏறலாம். முதல் வாரம் முழுவதும் அவர் சிஎஸ்எம்டியைத் தாண்டிப் போகவே இல்லை. நடைமேடையின் கடைசியில், தண்டவாளங்கள் பிரியும் இடம் தெரியும்படி நின்று, வண்டிகள் வருவதையும் போவதையும் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். 1853 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த போரிபந்தரிலிருந்து 34 கிலோமீட்டர் ஓடித் தாணேயை அடைந்தது என்று நான் சொன்ன மறுநாள், தனியாகத் தாணேவுக்கு டிக்கெட் எடுத்துப் போய்விட்டு வந்தார். 1888இல் கட்டி முடித்த அந்த நிலையத்தின் வாசல் தூண்களில் ஒன்றில் சிங்கமும் மற்றொன்றில் புலியும் உட்கார்ந்திருப்பதை முப்பது வருடமாக அந்த வாசலில் நடந்த எனக்குக் காட்டியது அவர்தான்.

பிறகு அதே பாதையில் உள்ள சிவ்ரி. நிலையத்தின் கிழக்கே இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் சேற்றுக் கரை. அந்தப் பிப்ரவரியில் அங்கே பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நின்றன. கடல் ஏற்றத்தில் போனால் பறவைகள் கரைக்கு அருகில் தெரியாது, வற்றத் தொடங்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும். மும்பைப் பத்திரிகைகளில் ஏற்ற வற்ற நேரம் தினமும் வரும். இந்தியும் மராத்தியும் படிக்கத் தெரியாத மாமா அந்தக் கட்டத்தில் உள்ள எண்களை மட்டும் படித்துக்கொண்டு கிளம்புவார். பசியெடுத்தால் தமிழர்கள் நிறைய இருக்கும் மாட்டுங்காவுக்குப் போவார். கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள தெருக்களில் வாழை இலையும் உதிரிப்பூவும் வாங்கிக்கொண்டு, பேரம் முழுவதையும் தமிழிலேயே முடித்துவிட்டு வருவார்.

"இந்தி தெரியாதே, எப்படிப் போவது?" என்று அந்தப் பதிவின் கீழ் பலர் கேட்டிருந்தார்கள். என் அம்மா நாற்பது வருடம் இந்த ஊரில் எண்களையும் 'கித்னா' (எவ்வளவு) என்ற ஒரு சொல்லையும் வைத்துக்கொண்டு நான்கு பிள்ளைகளை வளர்த்தார். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

கூட்டத்தைப் பற்றிச் சொன்னவர்கள் மட்டும் நியாயமாகப் பேசினார்கள். காலை எட்டிலிருந்து பதினொன்று வரை தெற்கு நோக்கிப் போகும் வண்டியிலும், மாலை ஐந்துக்குப் பிறகு அங்கிருந்து திரும்பும் வண்டியிலும் பெரியவர்களை நான் ஏறச் சொல்லவே மாட்டேன். அந்த வண்டிகளில் உயிர் போகிறது, நானே பார்த்திருக்கிறேன். பதினொன்றுக்குப் பிறகு போய் நான்கு மணிக்குத் திரும்பினால் உட்கார இடம் கிடைக்கும். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் யார் துணைக்கு வருவது என்கிறார்கள். இரண்டு நாள் யாராவது கூடப் போய் நடைமேடையில் வண்டி விவரம் காட்டும் இண்டிகேட்டரைப் படிக்கவும், எல்லா நிலையத்திலும் நிற்கும் ஸ்லோ எது, சிலவற்றில் மட்டும் நிற்கும் ஃபாஸ்ட் எது என்று தெரிந்துகொள்ளவும் சொல்லிக் கொடுத்தால் போதும். அந்த இரண்டு நாளைக் கொடுக்காத பிள்ளைகள்மீது எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்தப் பழியை ஊரின் தலையில் போடுவதை எப்படி ஏற்றுக்கொள்வது?

இப்போது எனக்கு வந்த பதிலுக்கு வருகிறேன். "தாராவிக்காரர் தாராவியைச் சுற்றிப் பார்க்கச் சொல்கிறார்" என்று எழுதினார்கள். ஆம், நான் தாராவியில் பிறந்தவன். தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர். 2004இல்தான் செம்பூருக்குக் குடிவந்தோம். இந்த இருபது வருடத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிப் போன உறவினர்கள் எத்தனையோ பேர். தாராவியை ஒட்டிய சயானைத் தாண்டும்போது டாக்சிக் கண்ணாடியை ஏற்றச் சொன்னவர்கள் உண்டு, மூக்கில் கைக்குட்டை வைத்தவர்கள் உண்டு. எங்கள் அப்பா எங்கே வாழ்ந்தார், நான் எந்தத் தெருவில் விளையாடினேன் என்று கேட்டவர் மாமா ஒருவர்தான்.

ஐந்தாம் வாரம் கேட்டார். அழைத்துப் போனேன். பத்தடிக்குப் பத்தடி கோலி, அதாவது ஒற்றை அறை வீடு. இரும்பு ஏணியில் ஏறினால் மேலே பரண் மாதிரி ஒரு தளம். அப்பா இருபத்திரண்டு வருடம் படுத்த இடம். ஏணியின் இரண்டாவது படி நடுவில் தேய்ந்து பளபளவென்றிருக்கும். இப்போது குடியிருப்பவர்கள் பழைய ஏணியையே வைத்திருந்தார்கள். மாமா அந்தப் படியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு வெளியே வந்து, பக்கத்துச் சந்தில் நெல்லைப் பேச்சுக் கேட்டு, அந்த வீட்டு அம்மாவோடு அரை மணி நேரம் உட்கார்ந்து ஊர்க் கதை பேசினார். அத்தை போன பிறகு அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டது அன்றுதான்.

வறுமையை வேடிக்கை காட்டச் சொல்கிறேனா என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: கேமராவோடு கூட்டமாக வருகிறவர்களைப் பார்த்து எங்களுக்கே வயிறு எரிந்திருக்கிறது. நான் அழைப்பது அதற்கல்ல. தை முதல் நாள் தாராவியின் தொண்ணூறு அடிச் சாலைக்கு வாருங்கள். வாசலுக்கு வாசல் கோலம், வரிசையாக அடுப்பு, வரிசையாகப் பானை. அங்கே ஒரு பானைக்குப் பக்கத்தில் நின்று பொங்கலோ பொங்கல் சொல்லிவிட்டு, ஒரு இலைத் துண்டில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உறவுக்காரர் வீட்டுக்கு வருவதற்குச் சுற்றுலா என்று யாரும் பெயர் வைப்பதில்லை.

அந்தப் பெரியவரிடம் எனக்குப் பகை இல்லை. அவர் பதிவோடு போட்ட படத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பதினான்காம் மாடி பால்கனியிலிருந்து எடுத்த பச்சை மலைகள், இந்த ஊரில் கண்ணுக்கு ஆறுதல் இது ஒன்றுதான் என்று எழுதியிருந்தார். ஐயா, நீங்கள் நாற்பது நாள் பார்த்துக்கொண்டிருந்த அந்த வனத்துக்குள்ளேதான், சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள், கன்ஹேரி இருக்கிறது. புத்த பிக்குகள் ஆயிரம் வருடத்துக்கு மேலாகக் கரும்பாறையில் குடைந்த நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள்; மழை நீரைப் பிடித்து வைக்கப் பாறையிலேயே வெட்டிய வாய்க்கால்கள், தொட்டிகள். தானம் கொடுத்தவர்களின் ஊர்களைப் பிராமி எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். அதில் கல்யாண் இருக்கிறது, சோபாரா இருக்கிறது. இன்றைக்கு லோக்கல் வண்டியின் இண்டிகேட்டரில் ஓடுகிற அதே கல்யாண், அதே நாலாசோபாரா.

முட்டி வலி என்று எழுதியிருந்தீர்கள். பூங்கா வாசலிலிருந்து குகைகள் வரை பேருந்து போகிறது, சைத்தியம் எனும் பெரிய வழிபாட்டுக் குகை ஏறத் தொடங்கியதும் வந்துவிடும், மேலே உள்ளவற்றை விட்டுவிடலாம். டிசம்பரில் பேரப்பிள்ளையின் பிறந்த நாளுக்கு மறுபடி வருவதாகப் பின்னூட்டத்தில் சொல்லியிருந்தீர்கள். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வாசலில் நான் நிற்கிறேன். தண்ணீர் பாட்டில் மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள், சாப்பாடு என் வீட்டிலிருந்து வரும்.