முப்பத்து நாலு வயது டிரெய்னி

முப்பத்து நாலு வயதில், பிஎச்டி முடித்து நாலு வருடம் ஆகப் போகிற நேரத்திலும், என் அடையாள அட்டையில் ‘டிரெய்னி’ என்றுதான் போட்டிருந்தது. போனில் அம்மாவிடம் சொன்னேன். “இன்னும் டிரெய்னிங்தானாடி?” என்றாள். சிரித்துவிட்டு வைத்தேன். ஆனால் கேள்வி அன்று முழுக்க விடவில்லை. சரி, எனக்கு எதை, யார் கற்றுக்கொடுத்தார்கள்?

அமெரிக்காவில் ஒரு நோயெதிர்ப்பியல் லேபில் போஸ்ட்டாக்காக, அதாவது பிஎச்டிக்குப் பிறகு செய்யும் தற்காலிக ஆராய்ச்சி வேலையில் இருந்தேன். கைவேலை நன்றாகவே படிந்தது. எலியின் மண்ணீரலை எடுத்து, 70 மைக்ரான் சல்லடையில் சிரிஞ்சின் பின்பக்கத்தால் தேய்த்து, சிவப்பணுக்களை உடைத்து, மிச்சமுள்ள செல்களில் எது எந்த வகை என்று காட்டிக்கொடுக்கும் பதினாறு நிற ஆன்டிபாடி போட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் முன்னால் உட்காருவேன். பகல் ஸ்லாட்டெல்லாம் சீனியர்களுக்கு. ஒருமுறை யாரும் பார்க்காத ஒரு டி செல் (நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகை) கூட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக மூன்று வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். பக்கத்து பெஞ்ச் சீனப் பெண் ஒரு நாள் என் திரையைப் பார்த்துவிட்டு, “இவை செத்த செல்கள். செத்தவற்றில் எந்த ஆன்டிபாடியும் ஒட்டிக்கொள்ளும்” என்றாள். நான் அங்கே பெற்ற பயிற்சியில் பாதி அவள் கொடுத்தது. அவளும் என்னைப் போல விசாவில் இருந்தவள்தான்.

போஸ்ட்டாக் பயிற்சிக்கென்றே அங்கே அரசுப் பணம் இருக்கிறது. அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச் தரும் டி32 மானியம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு இத்தனை இடம் என்று வரும். நோயெதிர்ப்பியலுக்கென்று தனியாகவே டி32கள் உண்டு. உதவித்தொகை, மாநாட்டுக்குப் போகப் பணம், வழிகாட்ட ஒரு குழு எல்லாம் அதில் அடக்கம். ஆனால் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். எங்கள் லேபில் ஆறு போஸ்ட்டாக்குகள்; அந்தத் தகுதி ஒருவனுக்குத்தான் இருந்தது.

அவர்கள் வரிப்பணம், அவர்கள் விதி என்று சொல்வீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் எங்கள் ஐந்து பேருக்கும் சம்பளம் எங்கிருந்து வந்தது? பாஸின் ஆராய்ச்சி மானியத்திலிருந்து. அதுவும் அதே என்ஐஎச், அதே வரிப்பணம். எங்கள் கைகளுக்குக் கூலி தர முடிகிற பணத்தால் எங்களுக்குக் கற்றுத்தர மட்டும் ஏன் முடியவில்லை என்பதுதான் என் கேள்வி.

வெளிநாட்டவருக்கும் திறந்திருக்கும் கதவு ஒன்று உண்டு. 2006இல் என்ஐஎச் அறிவித்த கே99 மானியம். முதலில் இரண்டு வருடம் வரை வழிகாட்டியோடு, அப்புறம் சொந்த லேபில் மூன்று வருடம் வரை பணம் வரும். குடியுரிமை கேட்பதில்லை. ஆனால் போஸ்ட்டாக் அனுபவம் நாலு வருடத்தைத் தாண்டுவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். டி32இல் இருந்த அந்த ஒருவனுக்கு, அவன் லேபில் சேர்ந்த முதல் மாதமே இதைச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அவன் காபி மெஷின் பக்கத்தில் பேச்சுவாக்கில் சொன்னபோது மூன்று வருடம் பத்து மாதம் ஆகியிருந்தது. பாஸ் கெட்டவர் இல்லை. அவருக்கு அது தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

திறமை இருந்தால் வழி கிடைக்கும் என்பவர்கள் கோலரைக் காட்டுவார்கள். ஜார்ஜ் கோலர் 1974இல் போஸ்ட்டாக்காக கேம்பிரிட்ஜ் வந்தார். மறு வருடமே, அங்கே லேப் நடத்திய சீசர் மில்ஸ்டீனோடு சேர்ந்து, ஒற்றை ஆன்டிபாடியை முடிவில்லாமல் சுரக்கும் ஹைப்ரிடோமா என்ற கலப்புச் செல்லை வெளியிட்டார். அப்போது 29 வயது. 1984இல் நோபல். மறுக்கவில்லை. ஆனால் மைலோமா என்ற புற்றுநோய் செல்களில் ஊறிய மில்ஸ்டீனின் லேப் இல்லாமல் அது நடந்திருக்குமா?

இன்னொரு கோபமும் உண்டு. கம்பெனி வேலையைப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் ‘மாற்று வேலை’ என்பார்கள், ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் ஷேர் ஆட்டோவில் போவதுபோல. 2025 நோபல் பெற்ற மேரி பிரங்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் அந்தப் பரிசுக்கான ஆராய்ச்சியைச் செய்தது சியாட்டில் பக்கத்தில் ஒரு மருந்து கம்பெனியில்தான். தன் உடம்பையே தாக்கும் எலிகளில் பழுதான ஜீன் எது என்று இருபது ஜீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், இருபதாவதில் பிடித்தார்கள். ஃபாக்ஸ்பி3. 2001இல் வெளிவந்தது.

நானும் இப்போது ஒரு கம்பெனியில்தான் இருக்கிறேன். இன்டர்வியூவில் கேட்டார்கள்: “ஒரு ப்ராஜெக்ட்டை நிறுத்த வேண்டும் என்று எப்படி முடிவு செய்வீர்கள்?” முழித்தேன். ஒன்றை நிறுத்தலாம் என்றே எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. பட்ஜெட் போடவும் கீழே வேலை பார்ப்பவரிடம் கடுமையான விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லவும் இங்கே வந்துதான், அடிபட்டுக் கற்றேன்.

காபி மெஷின் பேச்சுக்குப் பிறகு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதிய கே99 வரைவு, பாதியில் நின்றபடி, இன்னும் என் லேப்டாப்பில் இருக்கிறது. இந்த வருடம் போஸ்ட்டாக் சேரப் போகிறவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், தருகிறேன். நாலு வருடம் எந்தத் தேதியில் முடிகிறது என்று மட்டும் இன்றைக்கே காலண்டரில் குறித்துவிடுங்கள்.