எபேசியர் 2:10-ஐயும் சேர்த்துப் படிக்கலாமே

பைபிளில் பவுல் எழுதிய நிருபமான எபேசியர் 2:8, 9 வசனங்களை (கிரியைகளால் அல்ல, விசுவாசத்தின் மூலம் கிருபையாலேயே இரட்சிக்கப்பட்டோம் என்பவை) காட்டி, விசுவாசம் போதும், நற்கிரியைகள் இரண்டாம்பட்சம்தான் என்று நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் முடித்துவிட்டார். சரி, அடுத்த வசனத்தை ஏன் விட்டார்? நற்கிரியைகளைச் செய்யவே கிறிஸ்துவுக்குள் படைக்கப்பட்டோம் என்று பவுல் அங்கேயே சொல்கிறாரே! புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1522-இல், கிரியைகளை வலியுறுத்தும் யாக்கோபு நிருபத்தை 'வைக்கோல் நிருபம்' என்று தாழ்த்திச் சொன்னது உண்மைதான். ஆனால் அதே ஆண்டு ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், உயிருள்ள விசுவாசம் நன்மை செய்யாமல் இருக்கவே முடியாது என்றவரும் அவர்தான்.

எனக்கு மத்தேயு 25 தான் முக்கியம். நியாயத்தீர்ப்பில் 'பசியாயிருந்தேன், எனக்கு உணவு கொடுத்தீர்கள்' என்று இயேசு சொல்லும்போது, "எப்போது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?" என்று நீதிமான்களே ஆச்சரியமாகக் கேட்கிறார்கள். செய்ததை அவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ளவே இல்லை. கொடுத்த உதவியை உடனே படமெடுத்துப் போடுகிற (சபைகளும்தான்) நம்மால் அப்படிக் கேட்க முடியுமா என்பது சந்தேகம்தான்.