தேர்வுப் பட்டியலில் விடுபடும் பெண்கள்

ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் எங்கள் ஹாக்கிச் சங்கத்தின் செயற்குழு கூடும்போது, போட்டி அணிக்கு எத்தனை பேரை எடுப்பது, எத்தனை பேரை விடுவது என்பதே முதல் விவாதமாக இருக்கிறது. கிராமப் பகுதியில் பெண் பிள்ளைகளுக்கான சங்கம் ஒன்றின் செயலாளராக எட்டு ஆண்டுகள் இருந்துவிட்டேன். பதினாறு வயது நிறையும்வரை யாரையும் விடக் கூடாது என்பதே இப்போது என் உறுதியான கருத்து.

நகரத்தில் ஓர் அணியில் இடம் கிடைக்காத பெண், அடுத்த வாரமே வேறொரு அணியின் பயிற்சிக்குப் போய்விட முடியும். எங்கள் பகுதியில் அடுத்த சங்கத்துக்குப் போகவே இரண்டு மணி நேரம் ஆகும். வாரத்தில் மூன்று மாலைகள் அவ்வளவு தூரம் அழைத்துப்போக எந்தக் குடும்பத்தாலும் இயலாது. ஆகவே இங்கே தேர்வுப் பட்டியலில் பெயர் இல்லையென்றால், அந்தப் பெண்ணின் ஹாக்கி அன்றோடு முடிந்தது என்றே பொருள்.

நான் பொறுப்பேற்ற இரண்டாம் ஆண்டில் 23 பேர் தேர்வுக்கு வந்தார்கள். 16 பேரின் பெயர்களை எழுதி, மட்டைகள் வைக்கும் அறையின் கதவில் நானே ஒட்டினேன். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி பட்டியலின் மேலிருந்து கீழ்வரை விரலை வைத்து இரண்டு முறை பார்த்தாள். மறுநாள், சங்கம் அவளுக்குக் கொடுத்திருந்த முழங்கால் காப்புகளைத் துடைத்து, துவைத்த காலுறைக்குள் வைத்துக் கொண்டுவந்து, "அக்கா, இது சங்கத்தோடது" என்று என்னிடம் நீட்டினாள். அவள் அழவில்லை, அதனால் அன்றைக்கு அது எனக்குப் பெரிதாக உறைக்கவும் இல்லை.

அந்தப் பருவம் பாதி முடிவதற்குள் இரண்டு குடும்பங்கள் ஊர் மாறின, ஒருத்திக்கு மணிக்கட்டு முறிந்தது, இருவர் தேர்வுப் படிப்புக்காக நின்றார்கள். பதினாறு பதினொன்றானது. ஒரு வெளியூர் ஆட்டத்தன்று எங்கள் ஒரே கோல்கீப்பருக்கும் காய்ச்சல் வந்ததால், பத்துப் பேரோடு களமிறங்கினோம். கோல்கீப்பர் இல்லாமல் ஆட விதி அனுமதிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் காலுறையும் முழங்கால் காப்பும் மட்டுமே அணிந்த ஒரு சிறுமி, கோலுக்கு அருகே நடந்த தவறுக்காக எதிரணிக்குக் கோலடிக்க வாய்ப்புத் தரும் பெனால்டி கார்னரில் 160 கிராம் எடையுள்ள பந்தின் எதிரே நிற்பதைப் பார்த்த பிறகு, அந்த அனுமதியை நான் வேறுவிதமாகத்தான் நினைக்கிறேன். முன்பு விடப்பட்ட ஏழு பேரின் வீடுகளுக்கும் போய் அழைத்தோம். ஒருத்திகூடத் திரும்பி வரவில்லை.

ஆளைக் குறைக்க வேண்டிய கட்டாயம் ஹாக்கியின் விதிகளிலும் இல்லை. களத்தில் ஒரு நேரத்தில் இருப்பவர்கள் 11 பேர்தான் என்றாலும், மாற்று ஆட்டக்காரர்களை இத்தனை முறைதான் இறக்கலாம் என்ற வரம்பு கிடையாது; பெனால்டி கார்னர் வழங்கப்பட்டு முடியும்வரையிலான இடைவெளி தவிர, எந்த நிமிடத்திலும் ஒருவரை வெளியே அழைத்து இன்னொருவரை அனுப்பலாம், வெளியே வந்தவரே திரும்பவும் உள்ளே போகலாம். 15 நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகளில், பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் போதுமான நேரம் கொடுக்க மனமிருந்தால் போதும். பெரிய அணி திரட்ட முடியாத சங்கங்களுக்கு, அணிக்கு ஐவர் மட்டும் ஆடும் வடிவமும் இருக்கிறது. அதற்கு 2024இல் ஓமான் தலைநகர் மஸ்கட்டில் உலகக்கோப்பையே நடந்தது. பெண்கள் பிரிவில் நெதர்லாந்து வென்றது, இந்தியா இரண்டாம் இடம் பிடித்தது. போட்டி அணியில் இல்லாத சிறுமிகளை இந்த வடிவத்தில் ஆட வைத்தாலே அவர்கள் மட்டையைக் கீழே வைக்க மாட்டார்கள்.

இதற்குப் பெற்றோர் சிலர் இந்தியப் பெண்கள் அணியின் முன்னாள் கேப்டன் ராணி ராம்பாலைச் சுட்டுகிறார்கள்: பதினைந்து வயதிலேயே 2010 உலகக்கோப்பையில் ஆடியவர், ஆகவே திறமை இருந்தால் சின்ன வயதிலேயே தெரிந்துவிடும் என்கிறார்கள். அவரைப் போன்றவர்களுக்குத் தெரிகிறது; மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. பதின்மூன்று வயதில் ஒரு பெண் முழு உயரத்தை ஏறக்குறைய எட்டியிருப்பாள், அவளுடன் படிப்பவளோ இன்னும் வளரவே தொடங்கியிருக்க மாட்டாள். அந்த வயதில் நடத்தும் தேர்வில் நாம் திறமையென்று குறித்துக்கொள்வதில் பாதி, முன்கூட்டி வந்த உயரமும் வலுவும்தான். பந்தை மட்டையோடு ஒட்டி நகர்த்தும் கையும், வெற்றிடத்தை முன்னறியும் கண்ணும் நின்று நிதானமாக வளர்பவை. அவற்றை அளக்க ஒரு சனிக்கிழமைக் காலை போதாது.

யாரையும் விடாவிட்டால் தரம் இறங்கும் என்ற கவலையை நான் அலட்சியப்படுத்தவில்லை. பெரிய போட்டிகளுக்கு 16 அல்லது 18 பேரைத்தான் பதிவுசெய்ய முடியும். அங்கே தேர்வு தேவைதான். ஆனால் அது அந்தப் போட்டிக்கான தேர்வாக இருக்கட்டும், பருவம் முழுவதற்குமான தீர்ப்பாக இருக்க வேண்டாம். பயிற்சி எல்லோருக்கும் ஒன்றாகவே நடக்கட்டும். உள்ளூர் ஆட்டங்களில் ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு கால்பகுதி ஆடட்டும். கோல்கீப்பருக்கு இருவரைத் தயார்செய்வோம். காப்பு உடை ஒன்றுதான் இருக்கிறது, கால் காப்பின் வார்களை இருவருக்கும் ஏற்றபடி இறுக்கித் தளர்த்தலாம். பட்டியல் தயாரிப்பவர்களில் தன் மகள் அணியில் இல்லாத ஒருவராவது இருக்க வேண்டும் என்பதையும் எழுத்திலேயே வைத்துவிடலாம். இந்தக் கடைசி விஷயத்தில் எங்கள் சங்கத்தில் ஏற்பட்ட மனக்கசப்பு இன்னும் முழுதாக ஆறவில்லை.

செலவும் உழைப்பும் கூடும் என்பதை மறைக்க மாட்டேன். மண்தரையில் பழகும் எங்கள் பெண்கள், போட்டி நடக்கும் செயற்கைப் புல்தரையில் பந்து பாயும் வேகத்துக்குத் திணறுகிறார்கள். அதற்காக மாதம் ஒரு முறையாவது அத்தகைய மைதானத்துக்கு அழைத்துப்போக வேண்டும். 16 பேருக்கு ஒரு வண்டி போதும், 23 பேருக்கு இரண்டு வேண்டும். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாக முன்மொழியப் போகிறேன். வார இறுதிகளில் இரண்டாவது வண்டியை ஓட்ட முன்வரும் பெற்றோர், கூட்டத்துக்கு முன்பே எனக்குச் சொல்லிவிட்டால், வண்டி இல்லை என்ற காரணத்தைக் காட்டி அத்தீர்மானத்தை யாரும் தள்ளிவைக்க முடியாது.