இல்லத்தைக் கேட்கும் கேள்வியை வீட்டையும் கேளுங்கள்

ஒருவர் தன் அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டார் என்று தெரிந்தால் போதும், அடுத்த கல்யாணப் பந்தியில் அவர் தலைதான் உருளும். "பெத்த தாயைக் கொண்டுபோய் விட்டுட்டானே!" அதே பந்தியில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். எண்பது தாண்டிய அப்பாவைப் பகல் முழுக்க வீட்டில் தனியாக விட்டு, ஹாட்பாக்ஸில் சாப்பாடு வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். வீட்டில்தானே வைத்திருக்கிறார்!

நான் இல்லங்களுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. எனக்குத் தெரிந்த பெரியவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டிலேயே இருக்கத்தான் ஆசைப்படுகிறார்கள். பழகிய தெரு, கூப்பிடு தூரத்தில் கோயில், பேர் சொல்லிக் கூப்பிடும் காய்கறிக்காரர் என்று அந்த ஆசைக்கு நியாயம் இருக்கிறது. என் கோபம் வேறு. ஒரு இல்லத்தைப் பார்க்கப் போனால் துருவித் துருவிக் கேட்கிறோம். ராத்திரியில் யார் இருப்பார்கள்? பாத்ரூமில் கைப்பிடி உண்டா? மாத்திரை யார் எடுத்துக் கொடுப்பார்கள்? அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி? இதில் ஒன்றையாவது நம் வீட்டைப் பார்த்துக் கேட்டிருக்கிறோமா?

கும்பகோணத்தில் என் பெரியம்மா தனியாக இருக்கிறார். விடிகாலையில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். உள்ளே தாழ்ப்பாள். கதவு உட்பக்கம் திறக்கிற கதவு, அவர் கிடந்ததோ கதவை ஒட்டி. தாழ்ப்பாளை உடைத்தாலும் தள்ள முடியாது, தள்ளினால் அவர் மேல்தான் இடிக்கும். கடைசியில் பக்கத்துத் தெரு ஆசாரி வந்து கதவை அறுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். இடுப்பெலும்பு முறிவு, ஆபரேஷன், மாதக்கணக்கில் வாக்கர். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "எல்லாம் நேரம்" என்றார்கள். நேரமெல்லாம் இல்லை. பளபளப்பான டைல்ஸ், ஈரத்தரை, அரை அடி உயர வாசற்படி, இருட்டு, காலில் சிக்கும் புடவை. கூடவே, ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். எழுந்து, கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, அப்புறம் நடக்க வேண்டும் என்று முன்னாலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவில்லை. கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றி, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டுப் போடலாம். சுவரில் போல்ட் அடித்து ஸ்டீல் கைப்பிடி வைக்கலாம் (ரப்பர் கப் வைத்து ஒட்டுவது வேண்டாம், நம்பிப் பிடிக்கிற நேரத்தில் கையோடு வந்துவிடும். டவல் கம்பியும் அப்படித்தான்). கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு. ஹாலில் கிடக்கும் மிதியடிகளைத் தூக்கி எறியுங்கள். இவ்வளவுதான். ஆனால் கிரகப்பிரவேசத்துக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு அதற்குள் கலர் விளக்கு வைக்கிற நமக்கு, கைப்பிடி என்றதும் டைல்ஸ் உடைந்துவிடுமே என்று கவலை வருகிறது.

வெளிநாட்டுப் பிள்ளைகள் இப்போது ஒரு காரியம் செய்கிறார்கள். சிசிடிவி கேமரா மாட்டிவிட்டுப் போகிறார்கள். அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு "அம்மா, ஏன் இன்னும் சாப்பிடலை?" என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் விழுந்தவரைக் கேமரா தூக்கிவிடாது. வீட்டுச் சாவி ஒன்று எதிர்வீட்டில் இருப்பது அதைவிடப் பெரிய பாதுகாப்பு.

சரி, வீட்டில் வைத்துப் பார்க்கிறோம் என்றால், பார்ப்பது யார்? பெரும்பாலும் மருமகள், இல்லையென்றால் கல்யாணமாகாத மகள். படுத்த படுக்கையாகிவிட்டவருக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும். டயபர் மாற்ற வேண்டும். ஒரே ஒரு ஆள் இதை எத்தனை மாதம் செய்வார்? மறதிநோய் வந்தவர்கள் வீடு இன்னும் சிரமம். சாயங்காலமானால் "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று தெருவில் இறங்கிவிடுவார்கள், கேஸைத் திறந்து விட்டு மறந்துபோவார்கள். அந்தக் கட்டத்தில், பயிற்சி பெற்ற ஆட்கள் முறைவைத்து மாறி மாறிப் பார்க்கும் நல்ல இல்லம் வீட்டைவிடப் பத்திரமாக இருக்கலாம். இதை வெளியே சொன்னால் அந்த மருமகளுக்குக் கெட்ட பெயர். குறை சொல்கிற நாத்தனார் வருஷத்துக்கு ஒருமுறை பழக்கூடையோடு வந்துபோகிறவராக இருப்பார்.

இல்லங்களும் எல்லாம் ஒன்றல்ல. கோயம்புத்தூரைச் சுற்றி மூத்தோர் குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. தோட்டம், பஜனை ஹால், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் உண்டு. ஆனால் பலவும் தானே நடமாடக் கூடியவர்களுக்கானவை. படுக்கையில் விழுந்தால் என்ன ஏற்பாடு, முன்பணம் எவ்வளவு திரும்ப வரும், மாதக் கட்டணம் வருஷத்துக்கு எவ்வளவு ஏறும் என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். இவற்றுக்காக 2019-ல் மத்திய அரசு மாதிரி வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. அவை வெறும் மாதிரிதான், கட்டாயமில்லை. காசில்லாதவர்களுக்கோ, பெற்றோர் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது என்ற கணக்கில் 150 ஆதரவற்ற முதியவர்கள் தங்கக்கூடிய இல்லங்களை மாநில அரசு ஏற்படுத்தலாம் என்கிறது. கட்டாயம் என்று சொல்லவில்லை.

அதே சட்டத்தில் 23-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் அந்த நிபந்தனை பத்திரத்தில் இல்லையென்றால் வழக்கு இழுக்கும். செட்டில்மெண்ட் எழுதுகிற அப்பா அம்மாக்கள், நிபந்தனையையும் ஆயுள் வரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமையையும் சேர்த்து எழுதிவிடுங்கள். பிள்ளைமேல் சந்தேகமா என்று யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்கும் இல்லத்துக்கும் நடுவில் ஒரு பெரிய இடம் காலியாகக் கிடக்கிறது. அங்கேதான் அரசாங்கம் வர வேண்டும். கொஞ்சம் வந்தும் இருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் வலிநீக்குச் சிகிச்சையும் வீட்டிலேயே தருவதும் அந்தத் திட்டத்தில் உண்டு. என்னைக் கேட்டால் மாத்திரையைவிட இந்தப் பகுதிதான் முக்கியம், பேச்சில் அடிபடுவதோ குறைவு. 2025-ல் தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கு ரேஷன் பொருள் வீடு தேடி வர ஆரம்பித்தது. அதே வருஷம் அன்புச்சோலை என்ற பகல்நேர மையங்களும் திறந்தார்கள். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற இடம். வேலைக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. பால்வாடி மாதிரி வார்டுக்கு ஒன்று வேண்டும். தமிழ்நாட்டில் 2031-ல் நூற்றில் 18 பேர் அறுபதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள் என்பது அரசுக் கணிப்பு. அதற்கு ரொம்ப நாள் இல்லை.

வீட்டோடு வந்து பார்க்கும் ஆட்கள் விஷயம்தான் இன்னும் கவனிப்பாரில்லாமல் கிடக்கிறது. ஏஜென்சிக்குப் போன் போட்டால் "ஹோம் நர்ஸ்" என்று ஒரு பெண்ணை அனுப்புகிறார்கள். அவருக்கு என்ன பயிற்சி என்று நமக்குத் தெரியாது. நாம் கொடுக்கும் பணத்தில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்றும் தெரியாது. இருபத்து நாலு மணி நேர வேலை என்கிறார்கள், அவர் எப்போது தூங்குவார் என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் பெண்களுக்குப் பயிற்சி, பதிவு, ஊதிய வரையறை மூன்றும் இல்லாமல் வீட்டுப் பராமரிப்பு பாதுகாப்பானது என்று எப்படிச் சொல்வது?

இத்தனை முடிவிலும் சம்பந்தப்பட்டவரைக் கேட்பது கடைசியில்தான். ஆபரேஷனுக்குப் பிறகு என் அண்ணன்மார் இருவரும் பெரியம்மாவைப் பெங்களூருக்குக் கூட்டிப்போவதா, இல்லத்தில் சேர்ப்பதா என்று வீடியோ காலில் மணிக்கணக்கில் பேசினார்கள். பெரியம்மா இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. மாடிப் போர்ஷனைக் குறைந்த வாடகைக்கு ஒரு செவிலியர் குடும்பத்துக்கு விட்டார். ராத்திரி அழைப்பு மணி அடித்தால் இறங்கி வர வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. "படுத்துட்டேன்னா இல்லத்துல சேத்துடுங்கடா, அதுவரைக்கும் இங்கதான்" என்று சொல்லிவிட்டார். இப்போதைக்கு ஏற்பாடு ஓடுகிறது.

உங்கள் ஊரில் பகல்நேர மையத்துக்குப் போய்வருகிறவர்கள் இருந்தால், வண்டி அனுப்புகிறார்களா, சாப்பாடு எப்படி, வாக்கரோடு வருபவர்களைச் சேர்க்கிறார்களா என்று கமெண்டில் எழுதுங்கள்.