பரண் காலியாவதே இல்லை
போகிக்குப் போகி பரணை ஒழிக்கிறேன் என்று ஏறுகிறேன், இறங்குவதென்னவோ ஒட்டடையும் தூசியும்தான். 2006-ல் தொடங்கிய இலவசக் கலர் டிவி, 2011-க்குப் பிறகு வந்த மிக்சி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் செத்து வருஷக்கணக்காகியும் அங்கேயே குடியிருக்கின்றன. பழைய இரும்புக்குப் போடலாம் என்றால் அம்மா, "இருக்கட்டும்டா, எதுக்காவது ஆகும்" என்கிறார். எதற்கு ஆகும்? சரி, ஓட்டை வாளியையாவது தூக்கிப் போட்டால் மறுநாள் கொல்லையில் அதில் கறிவேப்பிலைக் கன்று நிற்கிறது. அதுகூடப் பரவாயில்லை, கிணற்றடியில் கிடக்கும் உடைசல் சட்டிகளில் மழைத்தண்ணீர் தேங்குகிறது, டெங்கு கொசுவுக்கு அது போதும், அதன் முட்டை தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவணும் என்றால், "அப்ப நீயே கழுவு" என்கிறார். கழுவுவது நான், மறுபடி அடுக்குவது அவர்.