ட்யூன் பொத்தான் என்று ஒன்று எதற்கு?

நேற்று இரவு என் அமெச்சூர் ரேடியோ ரிக்கில் (அனுப்பவும் கேட்கவும் உதவும் பெட்டி), 40 மீட்டர் அலைப்பட்டையில், நான் பல நாளாகத் தேடிய நிலையம் தெளிவாகக் கேட்டது. கூப்பிட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் ஆன்டெனாவை ரிக்கோடு பொருத்தும் என் ட்யூனர் (வேறு கம்பெனியின் தனிப் பெட்டி) அதுவரை 80 மீட்டருக்குப் பொருந்தியிருந்தது. அதை மாற்றி அமைக்கக் குறைந்த பவரில் சீரான ஒரு கேரியர் (பேச்சு ஏறாத வெறும் அலை) போதும். பத்து நொடி வேலை.

குரல் அனுப்பும் எஸ்எஸ்பி மோடில் பேசினால்தான் பவர் வெளியே போகும். ஆகவே, மைக்கை அழுத்தினாலே கேரியர் போகும் ஆர்டிடிஒய் (ரேடியோ டெலிடைப்) மோடுக்கு மாறு. மெனுவுக்குள் போய் 100 வாட்டை 10 வாட்டாக இறக்கு. காலியான இடத்துக்கு நகர்ந்து, யாரும் இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொள். ஒரு கையால் மைக்கை அழுத்திக்கொண்டே மறுகையால் ட்யூனர் குமிழ்களைத் திருப்பு. எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்தாமல் இருக்கிறது என்ற அளவு) முள் இறங்கியதா? சரி, இப்போது மோடு, பவர், அலைவரிசை எல்லாவற்றையும் பழையபடி கொண்டு வா. கொண்டு வந்தேன். அதற்குள் அந்த நிலையம் போய்விட்டது.

வயிறு எரிவது இதற்குத்தான்: முகப்பில் 'ட்யூன்' என்று எழுதிய பொத்தான் இருக்கிறது! உள்ளே உள்ள ட்யூனருக்கும், அதே கம்பெனி விற்கும் வெளி ட்யூனருக்கும் மட்டும்தான் அது வேலை செய்யும். உள் ட்யூனரோ எஸ்டபிள்யூஆர் 3:1 வரைதான் சமாளிக்கும். என் கம்பி ஆன்டெனா அதைத் தாண்டிவிடும். வேறு ட்யூனர் வைத்திருப்பவன் என்ன பாவம் செய்தான்?

செய்ய முடியாத காரியமா என்றால், அதுவும் இல்லை. பின்னால் உள்ள ட்யூனர் சாக்கெட்டில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகி, அவர்களுடைய ட்யூனர் அங்கே இருப்பதாக நம்ப வைத்தால் போதும். ரிக் தானாகவே 10 வாட்டுக்கு இறங்கி, கேரியரை விட்டு, முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. எல்லாம் உள்ளேயே இருக்கிறது, வேண்டுமென்றே பூட்டி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரிக்கை நான் ஏன் சால்டரிங் அயர்ன் பிடித்து ஏமாற்ற வேண்டும்?

பவரைக் குறைக்கும் தொல்லை தாங்காமல் பலர் 100 வாட்டிலேயே ட்யூன் செய்கிறார்கள். மைக்கில் விசிலடித்து ட்யூன் செய்பவர்களும் உண்டு. அந்தச் சத்தம் அடுத்தவர் பேச்சின் மேல் போய் விழுகிறது. சின்ன ட்யூனராக இருந்தால் கெபாசிட்டரில் பொறி பறக்கிறது.

எனக்கு வண்ணத் திரை வேண்டாம். அந்தப் பொத்தானை அழுத்தினால், எந்த ட்யூனர் என்று கேட்காமல் 10 வாட் வெளியே வர வேண்டும்.