விலை மட்டும் காரணமல்ல

இஸ்ரோவின் கனரக ராக்கெட்டான எல்விஎம்3-இன் வணிக ஏவுதல்களைப் பாராட்டும் கட்டுரை ஒன்றை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால், வெளிநாட்டு நிறுவனங்கள் இஸ்ரோவைத் தேடி வருவது விலை மலிவு என்பதால்தான் என்று அதில் சொல்லப்பட்ட கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. உக்ரைன் போரால் ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட்டுகள் கிடைக்காமல் போனபோதுதான் செயற்கைக்கோள் வழி இணையச் சேவை தரும் ஒன்வெப் நிறுவனம் நம்மோடு ஏவுதல் ஒப்பந்தம் செய்தது. அந்த நேரத்தில் நம் கையில் ஒரு கனரக ராக்கெட் இருந்தது. 2022 அக்டோபரில் 36, 2023 மார்ச்சில் 36 என 72 செயற்கைக்கோள்களையும் பிசகில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

அந்த ராக்கெட் எளிதில் கிடைத்ததா? 1990களில் அமெரிக்க நெருக்குதலுக்குப் பணிந்த ரஷ்யா, இத்தகைய ராக்கெட்டுக்குத் தேவையான கிரையோஜெனிக் தொழில்நுட்பத்தை, அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் எஞ்சினை இயக்கும் முறையை, தர மறுத்தது. 2010 ஏப்ரலில் நம் சொந்த கிரையோஜெனிக் எஞ்சினோடு கிளம்பிய, எல்விஎம்3-க்கு முந்தைய ராக்கெட்டான ஜிஎஸ்எல்வி கடலில் விழுந்தது. 2014 ஜனவரியில்தான் வெற்றி. மைனஸ் 253 டிகிரிக் குளிரில் இருக்கும் திரவ ஹைட்ரஜனைக் கையாளும் வித்தையை, எங்கள் நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ மையத்தில் ஆண்டுக்கணக்கில் சோதித்துச் சோதித்துத்தான் வசப்படுத்தினார்கள். அந்த உழைப்பை ‘மலிவு’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவது மனதை வருத்துகிறது.

எனக்குள்ள கவலை வேறு. 4,700 கிலோ எடையுள்ள நமது ஜிசாட்-என்2 செயற்கைக்கோளை 2024 நவம்பரில் அமெரிக்காவின் பால்கன் 9 ராக்கெட்தான் சுமந்து சென்றது; அதன் எடை எல்விஎம்3-இன் திறனை மிஞ்சியிருந்தது. எல்விஎம்3-இன் திரவ எரிபொருள் அடுக்குக்குப் பதிலாக, மண்ணெண்ணெயிலும் திரவ ஆக்சிஜனிலும் இயங்கும் செமி-கிரையோஜெனிக் அடுக்கு வந்தால் இந்தக் குறை பெருமளவு தீரும். அந்த எஞ்சினுக்கான பணத்தையும் ஆட்களையும் அரசு தாராளமாகக் கொடுக்க வேண்டும்.